பிள்ளையின் வாய் திறக்கும் வேளை

எங்கள் தெருவில் நான்காவது வீட்டு அம்மாள், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகனுடைய சீருடையைச் சோப்பு நீரில் ஊறப் போடுவதற்கு முன் வழக்கம்போல் பைகளைத் துழாவியபோது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு வெள்ளைப் பை அவர் கையில் அகப்பட்டது. பார்வைக்குத் தேயிலைப் பையின் குட்டி போல் இருந்த அதை மோந்து பார்த்ததும், புதினா வாசனைக்கு அடியில் புகையிலையின் நெடி ஒளிந்திருப்பதும், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வதற்கென்றே அது செய்யப்பட்டிருப்பதும் அவருக்குப் புரிந்துவிட்டன. அந்தக் கணத்தில் அவர் கூச்சலிட்டிருக்கலாம். வேலை முடிந்து வரும் கணவரிடம் சொல்லி, அவர் கையை ஓங்கும்படி செய்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. இரவுச் சமையலுக்குச் சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு, மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, பாதி உரித்து முடிந்த பிறகு, முகத்தை நிமிர்த்தாமலே, "தம்பி, உன் கால்சட்டைப் பையிலே ஒண்ணு இருந்துச்சு. அதைப் பத்தி நீயாச் சொல்றியா, நான் கேக்கட்டுமா?" என்று மட்டும் சொன்னாராம்.

பையன் பதில் சொல்லவில்லை. மேலும் பத்துப் பன்னிரண்டு வெங்காயங்கள் உரிபட்டன. பிறகு, "திட்ட மாட்டியேம்மா?" என்று கேட்டுவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் பதினோராம் வகுப்பு அண்ணன் ஒருவன் முதல் பையைக் காசு வாங்காமல் கொடுத்ததையும், வைத்த மாத்திரத்தில் தலை சுற்றிக் குமட்டியதையும், மறுத்தால் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் வைத்துவிடுவார்களே என்றஞ்சி இரண்டாவதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பவை எந்த வழியாகத் தெரியவந்தன என்ற கேள்வி கேட்பதற்கு மிக எளியதே ஆயினும், மனோதத்துவ அறிஞர்கள் அதை நேருக்கு நேர் எழுப்பியது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான். அதற்கு முன், எந்தப் பிள்ளையின் போக்குவரத்தும் சகவாசமும் வீட்டாருக்கு நன்கு தெரிந்திருக்கின்றனவோ அந்தப் பிள்ளை தவறான பழக்கங்களில் இறங்குவது குறைவு என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மையாக இருந்தது. ஆகவே கண்காணிப்பே காப்பு என்ற முடிவுக்கு ஏறத்தாழ எல்லோரும் வந்திருந்தார்கள். ஸ்வீடனில் பணியாற்றிய ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர் அம்மையாரும், பதினான்கு வயதுப் பிள்ளைகள் எழுநூற்றுக்கு மேற்பட்டவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்து, துருவிக் கேட்டு அறிந்தது இவ்வளவு, கட்டுத்திட்டங்கள் விதித்து அறிந்தது இவ்வளவு, பிள்ளை தானாகவே வந்து சொல்லி அறிந்தது இவ்வளவு என்று அந்த அறிவைப் பகுத்துப் பார்த்தபோது, மூன்றாவது வழியே மற்ற இரண்டையும் விடப் பெரிதாக நின்றது. பிள்ளையின் நன்னடத்தையோடு நெருங்கிய சம்பந்தம் கொண்டிருந்ததும் அதுவே. ஒளிக்க ஒன்றுமில்லாத பிள்ளை தாராளமாகப் பேசும் என்பதால், எது காரணம், எது காரியம் என்பதில் இந்த ஆய்வு கடைசி வார்த்தை ஆகாது. ஆயினும், பெற்றோர் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொல்லும்போது, அந்த 'எல்லாம்' பெரும்பாலும் பிள்ளை மனமுவந்து கொடுத்த கொடையே என்று அது சுட்டிக்காட்டியது. பையைச் சோதிப்பதால் ஒரு நாள் ஒரு பொட்டலம் அகப்படலாம். பொட்டலத்தைக் கொடுத்தவன் யார், ஏன் வாங்கினான், வாங்கியபோது மனம் என்ன பாடுபட்டது என்பன எந்தப் பையிலும் இருப்பதில்லை.

பேசுவது என்றாலே உபதேசம் செய்வது என்றுதான் நம்மில் அநேகர் பொருள் கொள்கிறோம். உபதேசத்தின் பலத்தைப் பிரம்மாண்டமான அளவில் சோதித்துப் பார்த்த தேசம் அமெரிக்கா. 1983ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காவல் துறையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கிய 'டேர்' என்ற திட்டத்தில், சீருடை அணிந்த காவலரே வகுப்பறைக்கு வந்து, லாகிரி வஸ்துக்களின் கேடுகளை எடுத்துரைத்து, வேண்டாம் என்று மறுக்கும்படி போதித்தார். பெற்றோருக்குப் பிடித்திருந்தது, ஆசிரியருக்குப் பிடித்திருந்தது, தேசத்தின் பள்ளி வட்டாரங்களில் முக்கால் பங்கு வரை அது பரவிற்று. ஆனால் 1990களில், அந்தப் பாடத்தைக் கேட்ட மாணவர்களையும் கேளாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், போதைப் பழக்கத்தைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. பிற்பாடு பெரும் பணச் செலவில் நடந்த தொலைக்காட்சி விளம்பரப் பிரசாரமும் கஞ்சாப் பழக்கத்தைக் குறைக்கவில்லை. ஓயாமல் எச்சரிப்பதைக் கேட்கும் பிள்ளை, 'அப்படியானால் எல்லோரும் இதைச் செய்கிறார்கள் போலும்' என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது என்று அதை மதிப்பிட்டவர்கள் கருதினார்கள்.

இதற்கு மாறாக, கில்பர்ட் பாட்வின் என்ற அறிஞர் நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் செய்து பார்த்தது வேறு விதமானது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, நண்பன் நீட்டும்போது சிநேகம் முறியாமல் எப்படி மறுப்பது, மனக் கலக்கம் வந்தால் என்ன செய்வது, தன் வயதினரில் உண்மையில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்பனவற்றை, நாடகம் போல் நடித்துப் பார்த்தும் விவாதித்தும் அவர் பழக்கினார். 1995இல் வெளிவந்த அறிக்கை, பள்ளியிறுதி வகுப்பை எட்டிய அந்தப் பிள்ளைகளிடம் புகையும் குடியும் கஞ்சாவும் குறைந்திருந்ததைத் தெரிவித்தது. கேட்டு மறந்த போதனைக்கும் வாயால் சொல்லிப் பழகிய வாக்கியத்துக்கும் உள்ள தூரம் அது. எங்கள் தெரு அம்மாளும் அன்றிரவு, "நாளைக்கு அந்த அண்ணன் மறுபடி நீட்டினா என்ன சொல்லுவே?" என்று கேட்டு, மகன் சொன்ன நாலைந்து பதில்களில், "எனக்கு அது ஒத்துக்கலைண்ணே, வாந்தி வருது" என்பதே கூச்சமின்றி வாயில் வருகிறது என்று இருவருமாக முடிவு செய்தார்களாம். பாட்வினின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

இனி, லாகிரி வஸ்து மூளையில் செய்வது என்ன என்பதைப் பெற்றோர் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் பிள்ளைகள் கேட்பார்கள், தப்பாகச் சொன்னால் கண்டுபிடித்தும் விடுவார்கள். 1954ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர், எலிகளின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, எலி தானே ஒரு நெம்புகோலை அழுத்தினால் அவ்விடத்தில் சிறிது மின்சாரம் பாயும்படி அமைத்தார்கள். எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்தக் கோலை அழுத்தின. நல்ல உணவு, தண்ணீர், துணை ஆகியவை கிடைக்கும்போது, 'இதை மறுபடி செய்' என்று பிராணிக்கு உணர்த்துவதற்காக அமைந்த மூளைப் பாதைகளை, அவை எதுவுமின்றியே தூண்டிவிட முடியும் என்பது அன்று தெரிந்தது. சாராயம், நிகோட்டின், அபின், கஞ்சா யாவும் தத்தம் வாசல் வழியாகப் புகுந்து, டோபமைன் என்ற ரசாயனத்தின் உதவியால் இயங்கும் அந்தப் பாதையையே சென்றடைகின்றன.

டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் ஸ்விட்சர்லாந்தில் குரங்குகளிடம் கண்டது அதைவிட ஆழமானது. எதிர்பாராமல் பழரசம் கிடைத்த குரங்கின் மூளையில், ரசம் நாவில் பட்ட சமயத்தில் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பின்னரே ரசம் வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகோ, விளக்கு எரியும்போதே துடித்தன; ரசம் வந்தபோது சும்மா இருந்தன; விளக்கு எரிந்தும் ரசம் வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிச் சோர்ந்தன. ஆகவே, பழக்கப்பட்ட ஒருவனை இழுப்பது பொருளைவிட அதற்கு முன்வரும் அடையாளம் என்றே சொல்லலாம்: தெருமுனைக் கடை, மாலை ஐந்து மணி, குறிப்பிட்ட சிநேகிதனின் சீழ்க்கை. 'இனிமேல் தொடவே மாட்டேன்' என்று காலையில் அழுது சத்தியம் செய்த மகன், மாலையில் அந்தக் கடை வாசலில் தடுமாறுவதைக் கண்டு, அவன் காலையில் சொன்னது பொய் என்று பெற்றோர் முடிவு கட்டுகிறார்கள். அவன் காலையில் சொன்னது மெய். மாலையில் எரிந்த விளக்கு வேறு.

இதற்கு மனித வாழ்க்கையிலேயே ஒரு பெரிய சாட்சியம் உண்டு. வியட்நாம் யுத்தத்துக்குப் போன அமெரிக்கச் சாதாரணப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கோ அபினுக்கோ அடிமையாகியிருந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் அம்மையார் தேடித் தேடி விசாரித்தபோது, அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானோர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே என்று தெரியவந்தது. போர்க்களமும் பயமும் தனிமையும் மலிவான மருந்தும் அங்கே இருந்தன. ஊரிலோ வீடும் வேலையும் உறவும் இருந்தன. ஒருமுறை தொட்டால் வாழ்க்கை முடிந்தது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது என்பதோடு, ஏற்கெனவே தொட்டுவிட்ட பிள்ளையின் நம்பிக்கையையும் அது கொன்றுவிடுகிறது.

அப்படியானால் இளம் பிராயத்தில் மட்டும் ஏன் இத்தனை ஜாக்கிரதை? தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வடத்தைப் பிடித்து இழுக்கும் ஜனங்கள் ஒரு பக்கம். சக்கரத்தோடு சக்கரமாக நடந்து, தக்க தருணத்தில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரை நிறுத்தியும் திருப்பியும் விடும் அனுபவசாலிகள் மற்றொரு பக்கம். விரும்புதல், ஆவல்கொள்ளுதல், கிளர்ச்சியடைதல் ஆகியவற்றுக்கு உரிய மூளைப் பகுதிகள் பூப்பெய்தும் பருவத்திலேயே வடம்பிடிக்க வந்துவிடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையோ, நிதானிக்கவும் விளைவை எண்ணவும் தடுக்கவும் பொறுப்பானது; அது முதிர்ச்சியடைய இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஜே கீட் என்ற மருத்துவர் ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் காந்த அலைக் கருவியில் படம்பிடித்து, இந்தப் பகுதி குமரப் பருவம் முழுவதும் மாறிக்கொண்டே இருப்பதை 1999இல் வெளியிட்டார். முட்டுக்கட்டைக்காரர் வந்து சேரும் வரை அந்த வேலையை வீட்டிலுள்ள பெரியவர்கள்தாம் செய்தாக வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர் தேருக்கு எதிரே போய் நின்று கத்துவதில்லை, தேரோடு கூடவே நடக்கிறார் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கஞ்சாவைப் பற்றிய கேள்விதான் இன்று பிள்ளைகளிடமிருந்து அதிகம் வருகிறது: "அது மூலிகைதானே, சாமியாருங்களே குடிக்கிறாங்களே?" இதற்கு அதட்டல் பதிலாகாது. ரஃபேல் மெக்கூலம் என்ற இஸ்ரேலிய ரசாயன அறிஞர் தம் சகாவோடு 1964இல் கஞ்சாவின் போதைச் சத்தைப் பிரித்தெடுத்தார். 1992இல் அவருடைய ஆய்வுக்கூடத்தார், அந்தச் சத்து போய் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்வதற்காக நம் மூளையே சுரக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து, அதற்குச் சமஸ்கிருதத்து ஆனந்தத்தை முன்வைத்து 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டார்கள். நம் உடல் அதைத் துளித்துளியாக, வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்துக்கு மட்டும் சுரந்து உடனே கரைத்துவிடுகிறது; கஞ்சாவோ மூளை முழுவதையும் மணிக்கணக்கில் நனைத்துவிடுகிறது. நரம்புகளின் பின்னல் இன்னும் முடியாத வயதில் இது எளிய விஷயமல்ல. ஸ்வீடனில் ராணுவத்துக்குத் தேர்வான நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஆய்வில், ராணுவத் தேர்வுக்கு வரும் வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு, மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்நோய் வரவில்லை என்பதையும், கஞ்சா மட்டுமே காரணமா என்ற விவாதம் இருந்ததையும் சேர்த்தே பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பாதியைச் சொல்லிப் பயமுறுத்தினால், மறுபாதியை வெளியே தெரிந்துகொண்ட அன்றே நாம் சொன்ன பாதியும் தள்ளுபடியாகிவிடும்.

தனித்தனி வீடுகள் செய்யக்கூடியதை ஒரு தேசமே கூடிச் செய்தால் என்ன விளையும் என்பதற்கு ஐஸ்லாந்து ஒரு சான்று. 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதினரில் நூற்றுக்கு 42 பேர், முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தார்கள். தினமும் புகைத்தோர் 23 பேர். 2016இல் அந்த எண்கள் முறையே 5, 3 என்று இறங்கிவிட்டன. பள்ளிதோறும் ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே பெயர் கேளாமல் விசாரித்தார்கள்; விளையாட்டுக்கும் இசைக்கும் கலைகளுக்கும் பணத்தைக் கொட்டினார்கள்; பதினாறு வயது வரையுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையின்றி வெளியே திரியலாகாது என்று சட்டமே செய்தார்கள். ஆனாலும் என் மனத்தைக் கவர்ந்தது, ஒரே பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிப் பேசி, 'என் வீட்டில் உன் பிள்ளைக்கும் குடிக்க இடமில்லை' என்று ஒருவருக்கொருவர் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டதுதான். பிள்ளையோடு சேர்ந்து கழிக்கும் நேரம் அளவிலேயே அதிகமாக இருக்க வேண்டும், எப்போதாவது ஒதுக்கும் 'விசேஷ நேரம்' போதாது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

நம் நாட்டில், 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, பெற்றோர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சுட்டியது. மற்ற எல்லா லாகிரி வஸ்துக்களையும் பெரியவர்களே அதிகம் உபயோகிக்க, பசை, தின்னர், எழுத்தழிக்கும் வெள்ளை மை போன்ற ஆவிப் பொருள்களை முகரும் பழக்கம் மட்டும் பெரியவர்களிடம் நூற்றுக்கு 0.58 ஆகவும், பத்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களிடம் 1.17 ஆகவும் இருந்தது. இவை எந்தச் சந்துபொந்திலும் ஒளித்து விற்கப்படுவன அல்ல. எழுதுபொருள் கடையிலும் பஞ்சர் கடையிலும் வெளிப்படையாகக் கிடைப்பவை. முதல் தடவை முகரும்போதே இதயத் துடிப்பு தடுமாறி உயிர் போனதும் உண்டு.

தந்தையிடம் பிள்ளை கேட்கக்கூடிய மிகக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது: "நீங்க மட்டும் குடிக்கலாமாப்பா?" பத்து வயது மகனைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கி வரச் சொன்ன தந்தைக்கு இதற்கு விடை சொல்ல நா எழாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பதே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர் அறிந்திருக்க மாட்டார். 'எனக்கு இது பிடித்துக்கொண்டது, விட முடியாமல் கஷ்டப்படுகிறேன், உனக்கு இது வரக்கூடாது' என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் தந்தையைப் பிள்ளை இகழாது. அப்படிச் சொல்லிவிட்டு, சிகிச்சைக்கும் போவாரானால், அதைவிடப் பெரிய பாடம் அந்த வீட்டில் நடத்தப்படப் போவதில்லை.

பழக்கம் முற்றிவிட்டது என்று தெரிந்தால், பேச்சு மட்டும் போதாது, வைத்தியம் வேண்டும். பூட்டி வைப்பதும் அடிப்பதும் வைத்தியம் அல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் நிறுவிய மருத்துவ நிறுவனம், நோயாளிக்கு மட்டுமன்றி அவருடைய குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் பங்கு கொடுத்து வருகிறது. போலீஸ் வருமோ என்று அஞ்சும் பெற்றோர் அறியவேண்டியது: 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே, அடிமைப்பட்டவர் சொற்ப அளவு சம்பந்தமான வழக்கில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் விலக்களிக்க இடம் இருக்கிறது. பிள்ளைக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்கோ, 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. பிள்ளை ஒருபுறம், கொடுத்தவன் ஒருபுறம் என்று சட்டமே பிரித்துப் பார்க்கும்போது, வீடும் அப்படிப் பார்க்கக் கற்க வேண்டும்.

நாள்காட்டி மாட்டியிருக்கும் சுவரில் எரிவாயு ஏஜென்சியின் எண்ணையும் பால்காரரின் எண்ணையும் எழுதி வைத்திருக்கிறோம். 14446 என்பது போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண். அதையும் அந்தச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளை 'இது எதுக்கும்மா?' என்று கேட்கும் உயரத்தில் எழுதி வையுங்கள்.